பழைய டேப் செட்டில் ஆக்ஸ் போடலாமா? வாசகர் கேள்வி – பதில்

காரில் இருக்கும் செட்டில் போனைச் சொருகிப் பாட்டுக் கேட்க, தாமே ஆக்ஸ் (வெளிக் கருவியின் ஒலியைச் செட்டுக்குள் கொடுக்கும் துளை) போட்டுக்கொள்வது பற்றி நீலகிரியிலிருந்தும் பழனி மலைப் பக்கமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னது இன்னொரு வேலைக்கும் தேவைப்படும். அதனால் செட்டின் மூடியைத் திறக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கேள்வி: என்னிடம் இருப்பது 2003 மாடல் கார். கம்பெனி மாட்டிக் கொடுத்த கேசட் செட் இன்னும் நன்றாக ஓடுகிறது, ரேடியோவும் எடுக்கிறது. போனைச் சொருகத்தான் வழியில்லை. கடையில் கேட்டால், “இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது செட் மாட்டுங்கள்” என்கிறார்கள். இதிலேயே ஆக்ஸ் போட முடியாதா? ஓரளவு ஈயம் பற்றவைக்கத் தெரியும்.
– வாசகர், அருவங்காடு

பதில்: தாராளமாகப் போடலாம். ஓடுகிற செட்டைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை. அந்தக் காலத்துக் கம்பெனி செட்டின் ரேடியோ, இன்று மலிவாகக் கிடைக்கும் பல புது செட்களைவிடப் பலவீனமான அலையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மலைச் சாலையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

முதல் வேலை, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. அதற்கும் முன்னால் ஒன்றைப் பாருங்கள். சில செட்கள் கரண்ட் போய்த் திரும்பியதும் நாலு அல்லது ஐந்து இலக்கத் திருட்டுத் தடுப்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் வண்டியோடு வந்த புத்தகத்திலோ சிறு அட்டையிலோ இருக்கும். அது கையில் இல்லாமல் கழற்றினால் செட் பூட்டிக்கொண்டு ஊமையாகிவிடும்.

செட்டை வெளியே இழுத்ததும் மூடியைத் திறக்க அவசரப்படாதீர்கள். பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ சாக்கெட் இருந்து, பக்கத்தில் ‘ஆக்ஸ் இன்’ என்று பொறித்திருந்தால் வேலை அங்கேயே முடிந்தது. ஆர்சிஏ – 3.5 மில்லிமீட்டர் கேபிள் ஒன்று போதும். அதே மாதிரி சாக்கெட்டில் ‘ப்ரீ அவுட்’, ‘லைன் அவுட்’ என்று எழுதியிருந்தால் அது வெளியே கட்டும் ஆம்ப்ளிஃபயருக்கானது. அதில் போனைச் சொருகினால் எதுவும் கேட்காது.

அடுத்து, சிடி சேஞ்சருக்கான (பல சிடிகளை மாற்றி மாற்றிப் போடும் தனிப் பெட்டி) சாக்கெட் இருக்கிறதா பாருங்கள். ஐரோப்பிய வகைச் செட்களில் இது நீல நிறத்தில் சின்னதாக இருக்கும். பிளாபங்க்ட் வகையில் 18-ஆம் பின் ஆடியோ எர்த், 19 இடது, 20 வலது. ஆனால் மூன்று ஒயரை இழுத்துவிட்டால் மட்டும் போதாது, செட் அந்த வழிக்கு மாற வேண்டும். சில செட்களில் மெனுவில் ஆக்ஸை ‘ஆன்’ செய்ய இடமிருக்கும். மற்றவை சேஞ்சர் உண்மையிலேயே மாட்டியிருப்பதாக நம்பினால்தான் மாறும். அதற்குச் செட் மாடலுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் டேப் வழிதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம், பலரும் தவறுவது இங்கேதான்.

கேசட் ஹெட்டிலிருந்து வருவது அரை மில்லிவோல்ட் அளவுச் சிக்னல். அதைப் ப்ரீ ஆம்ப் ஐசி பல நூறு மடங்கு பெருக்கி, கூடவே பாஸை ஏற்றிச் சமன் செய்து, வால்யூம் பகுதிக்கு அனுப்புகிறது. போனின் ஹெட்போன் முனையிலிருந்து வருவதோ அரை வோல்ட், ஒரு வோல்ட். ஹெட் ஒயரில் போனைச் சேர்த்தால் ஆயிரம் மடங்கு அதிகச் சிக்னல் ப்ரீ ஆம்பைத் திணறடிக்கும். பாட்டு, பானைக்குள் கத்துவதுபோல் கரகரக்கும். ஆகவே நாம் நுழைய வேண்டிய இடம், ப்ரீ ஆம்ப் முடிந்து வால்யூம் தொடங்கும் இடைவெளி.

வாங்க வேண்டியவை: நூல் போட்ட 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ சாக்கெட் 1, ஆறு கால் டாகிள் சுவிட்ச் 1, 2.2 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் 2, 10 கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர் 2, உள்ளே இரண்டு கம்பி ஓடி, மேலே உலோகப் பின்னல் (ஷீல்டு) சுற்றிய ஷீல்டு ஒயர் ஒன்றரை மீட்டர், ஹீட் ஷ்ரிங்க் குழாய் கொஞ்சம். 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். பெரிய அயர்ன் போர்டின் செப்புப் பாதையையே உரித்துவிடும். ஒரு காலில் மூன்று விநாடிக்கு மேல் முனையை வைக்காதீர்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. வால்யூம் என்பது திருகும் பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) ஆக, ஆறு காலோடு இருந்தால் எளிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கால். மல்டிமீட்டரில் செட்டின் பாடியோடு பீப் அடிக்கும் கால் எர்த். மிச்சம் இரண்டில் எது உள்ளே வரும் கால், எது நடுக்கால் என்று பார்க்க, மேசை மேல் 12 வோல்ட் கொடுத்து, வால்யூமைப் பாதியில் வைத்து, ஸ்குரூ டிரைவரின் உலோக நுனியால் தொடுங்கள், விரல் உலோகத்தில் படட்டும். ‘உம்ம்’ என்ற சத்தம் வால்யூமைத் திருகத் திருகக் கூடிக் குறைந்தால் அது உள்ளே வரும் கால். வால்யூமை அடியோடு குறைத்தால் முழுதாக அடங்கவும் செய்யும். நமக்கு வேண்டியது இதுதான்.

வால்யூம் பட்டன் டிஜிட்டலாக இருந்தால் பாட் இருக்காது, டிடிஏ 7313, டிடிஏ 7318 போன்ற ஆடியோ ஐசி இருக்கும். 7313-இல் மூன்று ஸ்டீரியோ நுழைவாயில், 7318-இல் நான்கு. அதில் ஒன்று சும்மா இருப்பதைப் பார்த்து அங்கே கொடுக்கத் தோன்றும். செட்டின் கம்ப்யூட்டர் அந்த வாயிலை ஒருபோதும் திறக்காது என்பதால் பயனில்லை. டேப் வரும் காலைத்தான் பிடிக்க வேண்டும். எல்ஏ 3161 போன்ற எட்டுக் கால் ப்ரீ ஆம்ப் ஐசி, கேசட் தட்டிலிருந்து வரும் மெல்லிய ஷீல்டு ஒயர் சேருமிடத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதன் எண்ணுக்கான டேட்டா ஷீட்டை (எந்தக் கால் எதற்கு என்று கம்பெனி தரும் விவரத் தாள்) எடுத்து இரண்டு அவுட்புட் காலையும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பாதையைத் தொடர்ந்தால் ஆளுக்கொரு கெபாசிட்டர் தாண்டி ஆடியோ ஐசிக்குப் போவது தெரியும்.

அந்தக் கெபாசிட்டர் இரண்டிலும் ஆடியோ ஐசி பக்கத்துக் காலை மட்டும் போர்டிலிருந்து தூக்குங்கள். காலியான துளை சுவிட்சின் நடுக்காலுக்கு. தூக்கிய கால் மேல் காலுக்கு. ஆக்ஸ் கீழ்க் காலுக்கு. இடதுக்கு ஒரு வரிசை, வலதுக்கு மறு வரிசை. ஆக்ஸ் சாக்கெட்டில் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். ஒவ்வொரு பக்கமும் சாக்கெட்டிலிருந்து எர்த்துக்கு ஒரு 10 கே, பிறகு 2.2 மைக்ரோஃபாரட், பிறகு சுவிட்ச். கெபாசிட்டரின் பிளஸ் எந்தப் பக்கம் என்பதற்கு, காலியான துளையில் எர்த்தைப் பொறுத்து வோல்ட் பாருங்கள். ஐசியில் வழக்கமாக 4, 5 வோல்ட் நிற்கும், பிளஸ் அந்தப் பக்கம். இந்தக் கெபாசிட்டரை விட்டுவிட்டால் அந்த வோல்ட் அப்படியே போனுக்குள் போகும். ஒரு மலிவான சாமானை மிச்சம் பிடிக்கும் இடமல்ல இது.

எர்த்தை எங்கே எடுப்பது? டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடைத்த போல்ட்டில் அல்ல. ப்ரீ ஆம்ப் ஐசியின் எர்த் எந்தச் செப்புப் பரப்பில் இருக்கிறதோ அதிலேயே ஷீல்டைப் பற்றவையுங்கள். சாக்கெட்டின் உலோக உடம்பு வண்டியின் இரும்பில் எங்கும் படக்கூடாது. பிளாஸ்டிக்கில் துளை போட்டு மாட்டுங்கள், இல்லையேல் பிளாஸ்டிக் உடம்பு சாக்கெட்டாகவே வாங்குங்கள். ஷீல்டே இங்கே திரும்பும் வழியும் என்பதால் இரண்டு முனையிலும் இணைத்தாக வேண்டும். “ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் கட்டு” என்ற பொது விதி இதற்குப் பொருந்தாது.

கடைசிச் சிக்கல், செட் டேப் நிலையில் இருந்தால்தான் அந்த வாயில் திறந்திருக்கும். பழைய கேசட் ஒன்றைப் பிரித்து, நாடாவை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தையும் உள்ளேயே விட்டு மூடிப் போடுங்கள். சக்கரத்தையும் எடுத்துவிட்டால், நாடா சிக்கிவிட்டது என்று நினைத்துச் செட் கேசட்டைத் துப்பிவிடும். இரண்டு சக்கரத்தையும் கவனிக்கும் ஆட்டோ ரிவர்ஸ் செட்டில், ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கொஞ்சம் நாடா சுற்றி வளையமாக ஒட்டிவிட வேண்டியிருக்கும்.

சோதனையில், பாட்டு வந்து உச்சத்தில் மட்டும் கரகரத்தால், சாக்கெட்டுக்கும் எர்த் ரெசிஸ்டருக்கும் நடுவே பக்கத்துக்கொரு 10 கே தொடராகச் சேருங்கள், சிக்னல் பாதியாகும். போன் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, கூட்டிக் குறைப்பதைச் செட்டில் செய்யுங்கள். சுவிட்சைத் தட்டும்போது ‘தப்’ என்று ஒரு சின்ன அதிர்வு வருவது இயல்பு, அப்போது வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: சிகரெட் லைட்டரில் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வைத்திருக்கிறேன். கோத்தகிரியில் தெளிவாக இருக்கிறது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது வளைவுக்கு வளைவு வேறு ஸ்டேஷன் உள்ளே புகுந்துவிடுகிறது. கருவி மட்டமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கருவியில் தப்பில்லை, சாலையின் இயல்பு அது. எஃப்எம் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலையின் மறைவில் நிற்கும்போது சமவெளி ஸ்டேஷன்கள் எட்டாது, உங்கள் டிரான்ஸ்மிட்டர் ஒன்றே அந்த அலைவரிசையில் இருக்கும். வளைவைத் தாண்டிக் கோவைப் பக்கம் திறந்ததும் கோபுரம் நேரே பார்க்கிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு வந்தால் பலமானதை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை அடியோடு விட்டுவிடுவது எஃப்எம் ரேடியோவின் சுபாவம். அதனால்தான் இரண்டும் கலந்து கேட்காமல், பாட்டே மாறிப்போகிறது.

87.5-க்கும் 88-க்கும் இடையில் வைத்துப் பாருங்கள், பல இடங்களில் அது காலியாக இருக்கும். பழனி மலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் கொடைக்கானல் பண்பலையின் 100.5-ஐ விட்டு நன்றாகவே தள்ளி வைக்க வேண்டும்.

நிலையான தீர்வு, ஒயர் வழி எஃப்எம் மாடுலேட்டர். செட்டின் பின்னால் ஏரியல் பிளக்கைப் பிடுங்கி அதை மாடுலேட்டரில் சொருகி, மாடுலேட்டரின் பிளக்கைச் செட்டில் சொருகுவது. சிவப்பு ஒயர் சாவி போட்டால் வரும் 12 வோல்ட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு. சுவிட்ச் போட்டதும் ஏரியலைத் துண்டித்துவிடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். வெளி அலையே உள்ளே வராதபோது மோதல் இல்லை. ஒலித் தரம் டேப் வழி ஆக்ஸைவிட ஒரு படி குறைவுதான். ஈயம் வைக்காமல் முடிகிற வேலை என்பது அதன் பலம்.

கேள்வி: ஆக்ஸில் பாட்டு ஓடும்போது போனைச் சார்ஜில் போட்டால் ‘ஙீ’ என்று ஒரு ஊளை. வத்தலகுண்டிலிருந்து ஏறும்போது ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் சுருதி ஏறுகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடுகிறது.
– வாசகர், பெருமாள்மலை

பதில்: சார்ஜரைப் பிடுங்கினால் நிற்கிறது என்று நீங்களே பார்த்துச் சொன்னதில் பாதிப் பதில் இருக்கிறது. இது எர்த் லூப். போனின் எர்த் இப்போது இரண்டு வழியாக வண்டியைச் சேர்கிறது: ஒன்று ஆக்ஸ் ஷீல்டு வழியாகச் செட்டுக்கு, மற்றது சார்ஜர் வழியாக லைட்டர் சாக்கெட்டுக்கு. இந்த இரண்டு இடமும் ஒரே இரும்பு உடம்புதான் என்றாலும் ஆல்டர்னேட்டர், ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றின் கரண்டும் அந்த இரும்பில் ஓடுவதால் இரண்டுக்கும் நடுவே சில மில்லிவோல்ட் வித்தியாசம் எப்போதும் இருக்கும். ஆல்டர்னேட்டரின் அலை அதில் ஏறி, ஷீல்டு வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து செட்டுக்குள் நுழைகிறது. எஞ்சின் வேகம் கூடினால் சுருதி கூடுவது அதனால்தான்.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டும் புளோயரும் போட்டு, மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துச் செட்டின் பாடிக்கும் லைட்டர் சாக்கெட்டின் வெளி வளையத்துக்கும் நடுவே பாருங்கள். 50-க்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் போல்ட் துருவேறியிருக்கிறது. கழற்றி, பெயின்ட் போய் இரும்பு பளிச்சிடும்வரை எமரித் தாளால் தேய்த்து இறுக்குங்கள். பிறகு சார்ஜருக்கான 12 வோல்ட்டையும் எர்த்தையும் செட்டின் ஒயர் கட்டிலிருந்தே எடுத்துத் தனி சாக்கெட் போடுங்கள். 5 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். இரண்டு எர்த்தும் ஒரே புள்ளியில் சேர்ந்ததும் பெரும்பாலான வண்டிகளில் ஊளை அடங்கிவிடும்.

அப்படியும் மிச்சமிருந்தால் ஆக்ஸ் கேபிளின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். உள்ளே இரண்டு சின்ன டிரான்ஸ்ஃபார்மர், ஒலி தாண்டும், எர்த் தாண்டாது. சிறிய உருவத்தில் வரும் மலிவானவற்றில் பாஸ் மெலிந்துபோகும், போன் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் சற்றுத் தேறும். ஐசொலேட்டரைக் கடைசிக்கு வைத்ததற்கு அதுதான் காரணம், முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: புதுக் கேபிள் போட்டேன். இசைக் கருவிகள் கேட்கின்றன, பாடுகிறவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. ஸ்பீக்கர் போய்விட்டதா?
– வாசகர், உதகை

பதில்: ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, எர்த் சேரவில்லை. எர்த் அறுந்தால் இடதும் வலதும் ஒன்றின் வழியாக ஒன்று திரும்பும். இரண்டிலும் பொதுவாக இருப்பது கழிந்துபோய் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். பாடகர் குரலை இரண்டு பக்கத்திலும் சமமாகப் பதிவதால் முதலில் காணாமல் போவது அதுதான்.

பிளக்கைப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் அது மைக் உள்ள நாலு பிரிவு பிளக். இன்றைய போன்களில் மூன்றாவது பிரிவு எர்த், நாலாவது மைக். கார் சாக்கெட் நாலாவதைத்தான் எர்த்தாகப் பிடிக்கிறது. கறுப்பு வளையம் இரண்டே உள்ள கேபிளாக வாங்குங்கள். கேபிள் அப்படித்தான் இருக்கிறது என்றால் போன் உறையின் தடிமனால் பிளக் முழுதாக இறங்காமல் நிற்கலாம், உறையைக் கழற்றிச் சொருகிப் பாருங்கள்.

கேள்வி: கம்பெனி செட்டிலேயே முகப்பில் ஆக்ஸ் துளை இருக்கிறது. ஜூன் மழை தொடங்கினால் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், பிளக்கைத் திருகினால் வரும், மறுபடி போகும்.
– வாசகர், தேவாலா

பதில்: உங்கள் பக்கத்து மழைக்கு இது எதிர்பார்க்க வேண்டியதே. கண்ணாடியை ஏற்றிவிட்டு, நனைந்த செருப்பும் குடையுமாக வண்டியை நிறுத்தி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் இரவுக் குளிரில் உலோகத்தின் மேல்தான் படியும். சாக்கெட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகட்டில் முலாம் தேய்ந்த இடம் கறுத்துப்போகும். தொடர்பு விட்டுவிட்டு வருவது அதனால்.

முதலில் வேறு கேபிளால் பாருங்கள். அதிலும் அப்படியே என்றால் பிளக்கைச் சொருகி மெல்ல மேலும் கீழும் அசையுங்கள். திருகினால் மட்டும் மாறுவது அழுக்கு, அசைத்தால் மாறுவது போர்டில் ஈயம் விண்டுபோனது. அழுக்குக்கு எலக்ட்ரானிக் கான்டாக்ட் கிளீனரைப் பிளக்கின் மேல் அடித்து, இருபது முப்பது முறை சொருகி எடுத்து, அரை மணி நேரம் உலரவிடுங்கள். துருப்பிடித்த நட்டைக் கழற்ற அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம், அது படிந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும். ஈயம் விண்டிருந்தால் முகப்பைக் கழற்றிச் சாக்கெட்டின் கால்களை ஒவ்வொன்றாகப் புது ஈயம் சேர்த்து உருக்குங்கள். காலைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல் தெரியும், உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் சட்டென்று பிடிபடும்.

கேள்வி: எஸ்டேட் ஜீப்பில் இருந்த அரதப் பழைய செட்டைக் கழற்றி ஆக்ஸ், யூஎஸ்பி உள்ள புது செட் மாட்டினோம். லைட் எரிகிறது, சத்தமே இல்லை. செட் பின்பக்கம் கொதிக்கிறது.
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: உடனே ஃபியூஸைப் பிடுங்குங்கள். பழைய ஜீப்பில் ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர் ஓடியிருக்கும், மறுமுனையை அங்கேயே பாடியில் கட்டியிருப்பார்கள். அந்தக் காலத்துச் செட்டுக்கு அது சரி. புது செட்டின் ஸ்பீக்கர் மைனஸ் எர்த் கிடையாது, பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரிலும் 6, 7 வோல்ட் நிற்கும். அதைப் பாடியில் தொட்டால் ஷார்ட்தான். ஐசி தன்னைக் காத்துக்கொள்ளச் சத்தத்தை நிறுத்தியிருக்கிறது. அதிர்ஷ்டம் இருந்தால் பிழைத்திருக்கும்.

ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து இரண்டு ஒயராக 0.75 சதுர மில்லிமீட்டரில் புதிதாக இழுங்கள். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ். தகட்டைத் துளைத்துப் போகுமிடத்தில் ரப்பர் வளையம் போடாவிட்டால் ஜீப்பின் ஆட்டத்தில் ஒரே மழைக்காலத்தில் ஒயர் அறுந்து, மறுபடி இதே நிலைதான். மாட்டும் முன் ஒவ்வொரு ஸ்பீக்கர் ஒயருக்கும் பாடிக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து, பீப் அடிக்கவில்லை என்று பார்த்துவிடுங்கள். ஒரே அவுட்புட்டில் இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்துக் கட்டாதீர்கள், 2 ஓம் ஆகிச் செட் சுடும். பெட்டியில் “50 வாட் × 4” என்று போட்டிருப்பதை நம்பியும் ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். 14 வோல்ட்டில் 4 ஓமுக்குத் தொடர்ந்து கிடைப்பது 20 வாட் சொச்சம்தான்.

கேள்வி: ஆக்ஸ் சாக்கெட்டுக்குப் பதில் சின்ன ப்ளூடூத் போர்டைச் செட்டுக்குள்ளேயே வைத்துவிட்டால் ஒயரே வேண்டாமே?
– வாசகர், குன்னூர்

பதில்: வைக்கலாம், ஆனால் செட்டின் தகரப் பெட்டிக்குள் அல்ல. ப்ளூடூத் அலை தகரத்தைத் தாண்டாது. பெட்டிக்கு வெளியே, டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் வையுங்கள். ஒலி ஒயர்கள் முதல் பதிலில் சொன்ன அதே இடத்துக்கு, அதே கெபாசிட்டர் வழியாகப் போகும்.

போர்டுக்கு 5 வோல்ட் வேண்டும். வண்டியின் வோல்ட்டை 5 ஆகக் குறைக்கும் 7805 ஐசி போதும்: உள்ளே வரும் பக்கம் 0.33, வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். வண்டி ஓடும்போது 14.4 வோல்ட் இருக்கும். 0.1 ஆம்பியர் இழுத்தால் ஐசியில் ஒரு வாட் அளவு சூடு இறங்கும். அதன் உலோகத் தகடு எர்த் என்பதால் செட்டின் பாடியிலேயே நேராக ஸ்குரூ போட்டு இறுக்கலாம், அதுவே ஹீட் சிங்க்.

இத்தோடு விட்டால், பாட்டு இல்லாத நேரத்தில் ‘கிர்ர்… டிக் டிக்’ என்று போர்டு பேசிக்கொண்டே இருப்பது கேட்கும். மேலே சொன்ன எர்த் லூப்பேதான், உருவம் மட்டும் சிறியது. 7805-க்கும் போர்டுக்கும் நடுவே பி 0505 எஸ் என்ற ஒரு வாட் ஐசொலேட்டட் கன்வர்ட்டர் (இரண்டு பக்க எர்த்தையும் பிரித்து வைத்து 5 வோல்ட் தருவது) போடுங்கள். நாலு காலோடு விரல் நகம் அளவு இருக்கும். அதற்குப் பிறகு வரும் மைனஸை வண்டி எர்த்தில் எங்கும் சேர்க்கக் கூடாது. ஆடியோ ஷீல்டு ஒன்று மட்டுமே அதை எர்த்தோடு இணைக்க வேண்டும். போர்டை நிறைய பேர் வைக்கிறார்கள், இந்த ஒரு இணைப்பை மறந்தோ கூடுதலாகப் போட்டோ கெடுக்கிறார்கள். 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இது தராது, இதிலிருந்து போனைச் சார்ஜ் செய்ய நினைக்காதீர்கள்.

பவரைச் சிவப்பு ஒயரில் எடுங்கள், அதாவது சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட். மஞ்சள் எப்போதும் உயிரோடு இருப்பது. மஞ்சளில் கட்டி 50 மில்லி ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. இரண்டு வாரம் ஊருக்குப் போய் வந்தால் சுமார் 17. சின்ன காரின் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் இது பாதி. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் மிச்சப் பாதியை வைத்து வண்டி கிளம்பாது.

கேள்வி: 24 வோல்ட் பேட்டரி உள்ள வேனுக்கும் இதே முறையா?
– வாசகர், கூடலூர்

பதில்: ஆக்ஸ் சாக்கெட் வேலை அப்படியே. அதில் வோல்ட் என்ற பேச்சே இல்லை. ப்ளூடூத் போர்டுக்கு 7805 வேண்டாம், 28 வோல்ட்டை 5 ஆக்குவதில் இரண்டரை மடங்கு சூடு வரும். 40 வோல்ட் தாங்கும் பக் கன்வர்ட்டர் (அதிகம் சூடாகாமல் வோல்ட்டைக் குறைப்பது) போட்டு, அதன் பின்னால் பி 0505 எஸ் போடுங்கள்.

கேள்வி: சாக்கெட்டை டேஷ்போர்டில் எந்த இடத்தில் வைப்பது நல்லது?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: கியர் லீவருக்கும் ஹேண்ட் பிரேக்குக்கும் குறுக்கே கேபிள் போகாத இடத்தில். சமவெளியில் இது பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்கு இழுக்கும்போது கேபிள் லீவரில் சுற்றிக்கொண்டால் கை தடுமாறும், போனும் சீட்டுக்கு அடியில் போய் விழும். சாம்பல் தட்டு இருந்த குழி அல்லது பயணி பக்கத்துக் கையுறைப் பெட்டியின் உள் சுவர் நல்ல இடம். எல் வடிவப் பிளக் உள்ள, அரை மீட்டர் கேபிள் போதும்.

துளையிடும் முன் பின்னால் என்ன ஓடுகிறது என்று கையை விட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறக் கனெக்டரும் மஞ்சள் உறை போட்ட ஒயரும் ஏர் பேக் உடையவை, அந்தப் பக்கமே போக வேண்டாம். நூல் போட்ட சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர் துளை, வாங்கிய சாக்கெட்டை அளந்துவிட்டே டிரில்லை எடுங்கள். செட்டை மறுபடி வெளியே இழுக்க வசதியாக உள்ளே ஒரு சாண் ஒயரைத் தளர்வாக விட்டு, ஆடாமல் கட்டுங்கள். பயன்படுத்தாத நேரத்தில் ரப்பர் மூடி போட்டு வைத்தால் பனி ஈரமும் தூசியும் உள்ளே போகாது.